துளைக்குள் இல்லாத தமனி: கழுத்துத் தண்டுவட அறுவைச் சிகிச்சை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒருவரின் கழுத்தில் இடது வெர்டிப்ரல் தமனி (கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) வழக்கமான பாதையில் போகவில்லை என்பது அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலைதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அன்று தொடங்கி அடுத்த ஓராண்டு வரை நடந்ததை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். அந்தக் குழுவில் நான் மூத்த அறுவை மருத்துவர். நோயாளியின் சம்மதம் பெற்றிருக்கிறோம். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இதில் இல்லை.

நோயாளியும் முதல் திட்டமும்

அவருக்கு 56 வயது. எட்டு மாதமாகக் கழுத்துவலி. இடது தோளிலிருந்து கையின் பின்பக்கமாக இறங்கி நடுவிரலில் முடியும் வலியும் மரமரப்பும் கூடவே இருந்தன. மாத்திரை, பிசியோதெரபி என்று ஆறு மாதம் ஓட்டியிருந்தார். ஆனால் எங்களிடம் வந்தது வலிக்காக அல்ல. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சாவி கையிலிருந்து நழுவுகிறது, படி இறங்கும்போது கால் எங்கே படுகிறது என்றே தெரியவில்லை என்றார். இந்த மூன்றையும் ஒருவர் சேர்த்துச் சொன்னால், நரம்புவேர் மட்டுமல்ல, தண்டுவடமே நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

பரிசோதனையும் அதையே காட்டியது. முழங்கையை நீட்டும் இடது டிரைசெப்ஸ் தசையின் பலம் 5க்கு 4. இரண்டு கால்களிலும் அனிச்சைத் துடிப்பு அதிகம். இடது நடுவிரலின் நுனியைச் சுண்டினால் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் அவரால் நடக்க முடியவில்லை. தண்டுவடப் பாதிப்பை அளக்கும் திருத்தப்பட்ட ஜப்பானிய அளவுகோலில் 18க்கு 12 வந்தது.

கழுத்தின் ஏழு முள்ளெலும்புகளை மேலிருந்து சி1 முதல் சி7 வரை எண்ணுவோம், அவற்றுக்கு இடையில் இருக்கும் மெத்தைதான் டிஸ்க். எம்ஆர்ஐயில் சி5–சி6, சி6–சி7 ஆகிய இரண்டு டிஸ்க்குகளும் எலும்பு முளைகளோடு சேர்ந்து தண்டுவடத்தை முன்பக்கமிருந்து அழுத்திக்கொண்டிருந்தன. சி5–சி6 மட்டத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே நிறமாற்றம் தெரிந்தது. கழுத்தின் இயல்பான முன்வளைவு போய், அந்த இடம் சற்றுப் பின்பக்கமாக வளைந்திருந்தது.

அழுத்தம் முன்னால் இருக்கிறது, வளைவும் கெட்டிருக்கிறது. ஆகவே முன்பக்கமாகப் போய் இரண்டு டிஸ்க்குகளையும் எடுத்துவிட்டு எலும்புகளை இணைப்பது என்று முடிவானது. 1950களில் ராபின்சன், ஸ்மித், க்ளோவர்டு ஆகியோர் விவரித்த வழிதான் இது. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியையும் அதோடு சேர்ந்த உறையையும் வெளிப்பக்கமாகவும், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் இரண்டையும் நடுப்பக்கமாகவும் ஒதுக்கினால், நடுவே கிடைக்கும் சந்து நேராக முள்ளெலும்புகளுக்குக் கொண்டுபோகும்.

இடதுபக்கமாகப் போவது எங்கள் குழுவின் பழக்கம். குரல்வளைக்குப் போகும் ரிகரண்ட் நரம்பு இடதுபக்கத்தில், இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றி மேலேறி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஒழுங்காகப் போகிறது. வலதுபக்கத்தில் அது கைக்குப் போகும் சப்க்ளேவியன் தமனியைச் சுற்றிச் சற்றுச் சாய்வாக வருவதால் பாதை ஆளுக்கு ஆள் மாறலாம். வலதுபக்க வழியால் குரல் அதிகம் பாதிக்கப்படுகிறது என்று ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லவில்லை. இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான். படிவத்தில் “இடதுபக்க வழி” என்று எழுதினோம்.

முந்தைய நாள் மாலை

மறுநாள் பட்டியலைப் பார்க்கும் கூட்டத்தில் எங்கள் பயிற்சி மருத்துவர் எம்ஆர்ஐயின் குறுக்குவெட்டுப் படங்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். சி6 மட்டத்தில் நிறுத்தி, “சார், இடதுபக்கத் துளை ரொம்பச் சின்னதா இருக்கு. உள்ளே தமனி இருக்கிற மாதிரியும் தெரியலை. ஆனா முன்னால ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு” என்றார்.

“சிரையா இருக்கும்” என்று சொல்லிவிட்டு நான் அடுத்த நோயாளியின் படத்தைக் கேட்டேன். இதை மறைக்காமல் எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன். அந்தப் பதிலை நான் படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மணி ஏழு தாண்டியிருந்தது, பட்டியல் நீளமாக இருந்தது, சிரை என்பது வசதியான பதிலாக இருந்தது.

அவர் விடவில்லை. வலதுபக்கத்தைக் காட்டினார். அங்கே சி6 துளை பெரிதாக, நடுவில் வட்டமான கறுப்புப் புள்ளியோடு இருந்தது. வேகமாக ஓடும் ரத்தம் எம்ஆர்ஐயில் இப்படித்தான் கறுப்பாகத் தெரியும். இடதுபக்கத்தில் அதே அளவுள்ள, அதே கூர்மையான விளிம்புள்ள புள்ளி துளைக்கு வெளியே, பக்கவாட்டு நீட்சிக்கு முன்னால், முள்ளெலும்புகளின் முன்பக்கத்தை ஒட்டிய லாங்கஸ் கோலை தசையின் மேல் இருந்தது. சிரையில் ரத்தம் மெதுவாக ஓடுவதால் பெரும்பாலும் இவ்வளவு தெளிவான கறுப்பு கிடைக்காது. புள்ளியை மேலே தொடர்ந்து போனோம். சி5இலும் அது வெளியேதான் இருந்தது. சி4இல் துளைக்குள் நுழைந்தது.

இடையில் சில மட்டங்களில் படமே இல்லை. கழுத்து எம்ஆர்ஐயில் குறுக்குவெட்டுகளை டிஸ்க் இருக்கும் இடங்களில் மட்டும், டிஸ்க்கின் சாய்வுக்கு ஏற்ப எடுப்பது பல இடங்களில் வழக்கம். எலும்பின் நடுப்பகுதி விட்டுப்போகும். டிஸ்க்கை மட்டும் தேடுபவருக்கு இது போதும். தமனியைத் தேடுபவருக்குப் போதாது. எம்ஆர்ஐ அறிக்கையிலும் தமனி பற்றி ஒரு சொல் இல்லை. அதற்காக அறிக்கை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் நாங்கள் அனுப்பிய கேள்வியே “டிஸ்க் பிதுக்கம்?” என்பதுதான்.

அன்றிரவே அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்து, ரத்தக்குழாய்களைச் சாய மருந்தால் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் எடுக்க முடிவுசெய்தோம். நோயாளி அப்போதே வார்டில் சேர்ந்திருந்தார், வீட்டார் மறுநாளுக்குத் தயாராக வந்திருந்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி: “டாக்டர், இது புதுசா வந்த வியாதியா?” இல்லை, பிறக்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கிறது, இதனால் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, தெரியாமல் கழுத்தைத் திறந்திருந்தால்தான் தொந்தரவு என்று விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டார். அவர் மனைவி மட்டும், இதை ஏன் முதல் நாளே பார்க்கவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. பார்த்திருக்க வேண்டும் என்றுதான் பதில் சொன்னேன்.

சிடி ஆஞ்சியோகிராம் காட்டியது

வெர்டிப்ரல் தமனி சாதாரணமாக சப்க்ளேவியன் தமனியிலிருந்து கிளம்பி, கழுத்தின் அடியில் கொஞ்ச தூரம் மறைப்பின்றி வந்து, சி6 முள்ளெலும்பின் பக்கவாட்டுத் துளைக்குள் நுழைகிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட தமனிகள் இப்படித்தான். அதன்பின் ஒவ்வொரு எலும்பின் துளை வழியாகவும் மேலேறி, மண்டைக்குள் போய், மறுபக்கத் தமனியோடு சேர்ந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொடுக்கிறது.

இவருக்கு இடது வெர்டிப்ரல் தமனி சப்க்ளேவியனிலிருந்து கிளம்பவில்லை. நேரடியாகப் பெருந்தமனி வளைவிலிருந்தே, இடது கரோட்டிட்டுக்கும் இடது சப்க்ளேவியனுக்கும் நடுவில் கிளம்பியது. இது அரிதிலும் அரிதல்ல. ஏறக்குறைய 100 பேரில் 5 பேருக்கு இப்படி இருக்கிறது. கருவில் கழுத்துப் பகுதியில் ஏணிப்படி போல வரிசையாகச் சிறு தமனிகள் உண்டு. அவற்றில் ஏழாவது நிலைத்து சப்க்ளேவியனாகிறது, மேலே உள்ளவை மறைந்துவிடுகின்றன. மறைய வேண்டிய ஆறாவது இடதுபக்கத்தில் நிலைத்துவிட்டால் தமனியின் தொடக்கம் வளைவிலேயே அமைகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வளைவிலிருந்து கிளம்பும் தமனி பெரும்பாலும் சி6இல் நுழையாமல், சி5இலோ சி4இலோதான் நுழையும். ஆகவே மார்புப் படத்தில் தொடக்கம் மாறியிருப்பதைக் கண்டால் கழுத்தில் நுழைவிடத்தையும், கழுத்தில் நுழைவிடம் மாறியிருந்தால் கீழே தொடக்கத்தையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அளவுகள் இவை. இடது தமனியின் விட்டம் 3.1 மி.மீ., வலது 3.6 மி.மீ. இரண்டும் மேலே ஒழுங்காக ஒன்று சேர்ந்தன. ஒன்று போனாலும் மற்றது தாங்கக்கூடும் என்ற அளவில் இது ஆறுதல். அதற்காக இடதை இழக்கலாம் என்று பொருளில்லை. பல வருடங்களாக இரண்டு குழாய்களை நம்பி வாழ்ந்த மூளை ஒன்றை மட்டும் வைத்து எப்படிச் சமாளிக்கும் என்று படம் உறுதி தராது.

அதே படத்தில் வேறு மூன்றையும் பார்த்தோம். கரோட்டிட் தமனி தொண்டைக்குப் பின்னால் நடுக்கோட்டை நோக்கி வளைந்திருக்கிறதா? இல்லை. வலது வெர்டிப்ரல் தமனி எங்காவது எலும்பின் உடலை அரித்து உள்ளே வளைந்திருக்கிறதா? இல்லை. அப்படி வளைந்திருந்தால் டிரில் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகினாலே தமனி கிழியும். மூன்றாவது, வலது சப்க்ளேவியன் தமனி எங்கிருந்து கிளம்புகிறது? இந்தக் கேள்வி ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும். அது இயல்பாகவே இருந்தது.

எந்த வழி, எந்தப் பக்கம்

நான்கு நாள் இடைவெளி கிடைத்தது. அதில் பெரும்பகுதி இந்த விவாதத்துக்கே போனது.

முன்பக்க வழியையே விட்டுவிடலாமா? கழுத்தின் பின்பக்கமாகப் போய்த் தண்டுவடத்துக்கு இடம் விரித்துக் கொடுத்தால் இந்தத் தமனியின் பக்கமே போக வேண்டாம். குழுவில் இருவர் இதைத்தான் விரும்பினார்கள். ஆனால் கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கும்போது, பின்னால் இடம் கொடுத்தாலும் தண்டுவடம் பின்னால் நகராமல் முன்னால் இருக்கும் முளைகளின் மேலேயே இழுபட்டுக் கிடக்கும். நோய் முன்னால் இருக்கிறது. தமனிக்குப் பயந்து நோயை விட்டுவிட்டு வரும் சிகிச்சையாக அது ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. தமனி எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும். தெரிந்த தமனியைக் காப்பாற்றிக்கொண்டு வேலை செய்ய முடியும்.

அப்புறம் பக்கம். இங்கேதான் எங்கள் சிந்தனை இரண்டு முறை திசை மாறியது.

முதலில், இடதுபக்கத்தில் தமனி வெளியே இருக்கிறது, அதனால் வலதுபக்கமாகப் போனால் போதும் என்று எளிதாகத் தோன்றியது. அது அவ்வளவு எளிதல்ல. எந்தப் பக்கமாகப் போனாலும், எலும்பை அடைந்தபின் இரண்டு பக்க லாங்கஸ் கோலை தசைகளையும் எலும்பிலிருந்து கிளப்பி, அவற்றுக்கு அடியில்தான், திசுவை ஒதுக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரின் தகடுகளைச் செருகுகிறோம். வலதுபக்கமாகப் போனாலும் இடது தசையைத் தொட்டே ஆக வேண்டும், அதுவும் எட்டத்திலிருந்து. ஒரு பக்கத்தில் நின்று வேலை செய்யும் கை, தன்னை அறியாமல் எதிர்ப்பக்கம் நோக்கிச் சாயும் என்பதும் உண்டு.

மறுபுறம், இடதுபக்கமாகப் போனால் கரோட்டிட் உறையை ஒதுக்கியவுடன், அதற்குப் பின்னாலேயே, நாங்கள் பஞ்சு உருண்டையால் திசுவைத் தள்ளிக்கொண்டு போகும் அதே பாதையில் தமனி கிடக்கும். அந்தக் கட்டத்தில் எந்த அறுவை மருத்துவரும் வெர்டிப்ரல் தமனியைப் பற்றி நினைப்பதே இல்லை. அது எலும்புக்குள் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் நம் மனப்பாடம்.

என் கவனத்தை இழுத்தது இதுதான். இந்த மாறுபாடு ஆபத்தைக் கூட்டவில்லை, இடம் மாற்றியிருந்தது. வழக்கமான கழுத்தில் சி5–சி6 மட்டத்தில் பயம் எல்லாம் பக்கவாட்டில். டிஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் அன்சினேட் எலும்பு முளைக்கு வெளியே ஓரிரு மி.மீ. தூரத்தில் தமனி இருக்கும். அதனால் அங்கே டிரில்லை மெதுவாக்குகிறோம். தசையின் மேல் காட்டரி (சூட்டால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி) வைக்கும்போது பயமில்லை. இவருடைய இடதுபக்கத்தில் அது தலைகீழ். முளைக்கு வெளியே தமனி இல்லை, தசையின் மேல் இருந்தது. எப்போதும் கை தளர்ந்திருக்கும் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவருக்குத்தான் இது அதிகக் கஷ்டம், ஏனென்றால் அவர் கைக்குப் பழைய பாதை நன்றாகப் படிந்திருக்கிறது.

கடைசியில் வலதுபக்கம் என்று முடிவெடுத்தோம். காரணங்கள் இரண்டு. உள்ளே நுழையும் பாதையில் தமனி குறுக்கிடாது. இவருக்கு அதிகம் விடுவிக்க வேண்டிய நரம்புவேர் இடதுபக்கம், அது வலதுபக்கமிருந்து பார்க்கும்போது நேராகத் தெரியும்.

இப்போது சப்க்ளேவியன் கேள்விக்கு வருகிறேன். வலது சப்க்ளேவியன் தமனி சிலருக்குப் பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாகக் கிளம்பி, உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே வலதுபக்கம் போகும். 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இப்படி இருக்கிறது. அவர்களுக்கு வலது ரிகரண்ட் நரம்பு சுற்றி வருவதற்குத் தமனி அங்கே இல்லை. அதனால் அது கீழே இறங்காமல், தன் தாய் நரம்பான வேகஸிலிருந்து கழுத்திலேயே பிரிந்து, குறுக்கே நேராகக் குரல்வளைக்குப் போய்விடும். அதாவது நாம் திறக்கும் சந்தின் குறுக்கே. இடதுபக்கத் தமனிக்குப் பயந்து வலதுபக்கம் போய், அங்கே இந்த நரம்பை வெட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? வளைவில் ஒரு கிளை மாறியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் மாறியிருக்கலாம். பக்கத்தை மாற்றும் முன் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொன்னவர் எங்கள் கதிரியக்க மருத்துவர்.

தமனி கிழிந்தால் என்ன செய்வது

முன்பக்கக் கழுத்து அறுவைச் சிகிச்சையில் வெர்டிப்ரல் தமனி கிழிவது ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழேதான். அரிது என்பதாலேயே பலரும் ஒத்திகை பார்ப்பதில்லை. நாங்கள் இந்த முறை மயக்க மருத்துவரையும், ரத்தக்குழாய்க்குள் வேலை செய்யும் கதிரியக்க மருத்துவரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினோம்.

முதலில் விரலால் அழுத்துவது, தலை திரும்பியிருந்தால் நேராக்குவது. ஜெலட்டின் பஞ்சும் ஈரப் பருத்தியும் வைத்து அழுத்தம் கொடுப்பது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கிளிப் போடுவதில்லை, நரம்புவேர் அங்கேதான் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் குறையாதபடி ரத்த அழுத்தத்தை மயக்க மருத்துவர் தாங்கிப் பிடிப்பார். ரத்தம் நின்றதாகத் தோன்றினாலும் ஆஞ்சியோ எடுக்காமல் நோயாளியை வார்டுக்கு அனுப்புவதில்லை. கிழிந்த இடம் சில நாள் கழித்துப் பொய் அனூரிஸமாக (ரத்தம் தேங்கிய பையாக) வீங்கி வெடிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

இரண்டு விஷயங்கள் அந்தப் பேச்சில்தான் தெளிவாயின. ஒன்று, தமனி எலும்புக்கு வெளியே இருப்பதால், கிழிந்தாலும் மேலும் கீழும் பிடித்துத் தைப்பது இவருக்குச் சாத்தியம். துளைக்குள் இருந்தால் எலும்பை உடைத்துத்தான் அதை எட்ட முடியும். இன்னொன்றைக் கதிரியக்க மருத்துவர் சொன்னார். அவசரத்தில் தொடை வழியாகக் குழாய் விட்டால் பழக்கத்தில் சப்க்ளேவியனுக்குள் போய்த் தமனியின் வாயைத் தேடுவார், கிடைக்காது. வளைவிலிருந்தே கிளம்புகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தத் தேடலே தேவையில்லை. ரத்தம் கொட்டும்போது ஐந்து நிமிடம் பெரிய விஷயம்.

அறுவைச் சிகிச்சை

வலதுபக்கமாகத் திறந்தோம். எலும்பை அடையும் வரை சொல்லும்படி எதுவுமில்லை. மட்டத்தை எக்ஸ்ரேயில் உறுதிசெய்தோம்.

இடது லாங்கஸ் கோலையைத் தொடும் முன், ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் நுண் டாப்ளர் கருவியை அதன் மேல் வைத்துக் கேட்டோம். தமனியின் ஓசை சி6இல் தசையின் உள்விளிம்பிலிருந்து சுமார் 5 மி.மீ. வெளியே வந்தது. படத்தில் நாங்கள் அளந்தது 8 மி.மீ. கழுத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் படுக்கவைத்திருந்ததும், ஒதுக்கியதில் திசு நகர்ந்ததும் காரணமாக இருக்கலாம். படத்தில் பார்த்ததை மட்டும் நம்பியிருந்தால் தகட்டை அதிகம் உள்ளே தள்ளியிருப்போம்.

இடது தசையை எலும்போடு ஒட்டியே, காட்டரி இல்லாமல், 2–3 மி.மீ. மட்டும் கிளப்பினோம். தானாக நிற்கும் பல்வைத்த ரிட்ராக்டரை அந்தப் பக்கம் போடவில்லை. மழமழப்பான தகட்டைப் பயிற்சி மருத்துவர் கையால் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைத் தளர்த்தினார். மணிக்கணக்கில் ஒரே அழுத்தத்தில் தமனியை நெரிப்பதும் காயம்தான், கண்ணுக்குத் தெரியாத காயம். ரிட்ராக்டர் வைத்தபின் மயக்க மருத்துவர் சுவாசக் குழாயின் காற்றுப் பையைத் தளர்த்தி மறுபடி நிரப்பினார். இது குரல் நரம்பின் மேல் அழுத்தம் குறைய.

இரண்டு டிஸ்க்குகளையும் முளைகளையும் எடுத்தோம். சி5–சி6 இடதுபக்க ஓரத்தில் திடீரென ரத்தம் எழும்பி வந்தது. எல்லோருடைய கையும் நின்றது. கருஞ்சிவப்பு, துடிப்பில்லை. ஓரத்துச் சிரைதான். தமனி இல்லாத துளையிலும் சிரைப் பின்னல் இருக்கும். ஜெலட்டின் பஞ்சு வைத்து இரண்டு நிமிடம் அழுத்தியதும் நின்றது. மறுபடி டாப்ளர் வைத்தோம், ஓசை அப்படியே இருந்தது.

இடைவெளிகளில் கேஜ் (டிஸ்க் இருந்த இடத்தை நிரப்பும் கூடு) வைத்து, முன்னால் தகடு பொருத்தினோம். வழக்கத்தைவிட நாற்பது நிமிடம் அதிகம் ஆனது.

அதன்பின்

கையில் இறங்கிய வலி மறுநாள் காலையே போய்விட்டது. ஐந்து நாள் விழுங்குவதில் சிரமம், மூன்று வாரம் கரகரப்பான குரல். குரல்நாண்கள் இரண்டும் அசைவதைக் குழாய்க் கேமராவில் பார்த்தோம். கரகரப்பு நான்காவது வாரம் தானே சரியாகிவிட்டது. இடதுபக்க வழியாக இருந்தால் இது வந்திருக்காது என்று சொல்ல முடியாது, வந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. வெளியேறும் முன் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் இடது தமனியில் ஓட்டம் சரியாக இருந்தது.

மூன்றாவது மாதம் பொத்தான் போடத் தொடங்கினார். ஓராண்டில் அளவுகோல் 15க்கு வந்தது. இரண்டு மட்டங்களிலும் எலும்பு சேர்ந்துவிட்டது. நடுவிரல் நுனியின் மரமரப்பு இன்னும் இருக்கிறது. இருட்டில் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார். தண்டுவடம் எட்டு மாதம் நசுங்கியிருந்ததன் மிச்சம் அது, தமனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மறுமுறை மாற்ற வேண்டியவை

தமனியைப் பார்த்தது நல்லதுதான். ஆனால் எங்களிடம் அதற்கென்று ஒரு முறை இருந்ததால் பார்க்கவில்லை. ஒருவரின் பிடிவாதத்தால் பார்த்தோம். அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் காலை எட்டு மணிக்கு இடதுபக்கமாகத் திறந்திருப்பேன்.

இப்போது எம்ஆர்ஐ கேட்கும் படிவத்தில் “வெர்டிப்ரல் தமனி: இரு பக்கமும் எந்தத் துளையில் நுழைகிறது, எது பெரியது, எலும்புக்குள் வளைவு உண்டா” என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். குறுக்குவெட்டுகள் இடைவெளி இல்லாமல் சி2 முதல் மார்பு முதல் முள்ளெலும்பு வரை வேண்டும் என்றும் எழுதுகிறோம். இதற்கு ஸ்கேன் நேரம் சில நிமிடம் கூடுகிறது. எல்லோருக்கும் ஆஞ்சியோ எடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. கதிர்வீச்சும் சாய மருந்தும் தேவையில்லாதவருக்கு ஏன்? சாதாரண எம்ஆர்ஐயை ஒழுங்காகப் படித்தாலே சந்தேகப்பட வேண்டியவர்கள் தெரிந்துவிடுவார்கள். அவர்களுக்கு எடுத்தால் போதும். சி1–சி2 மட்டத்தில் திருகு போடும்போது மட்டும் நான் வேறு மாதிரி. அங்கே தமனி எலும்புக்குள் உயரமாக ஏறியிருப்பது, சி1இன் மேல் எலும்புப் பாலம் மூடியிருப்பது எல்லாம் அடிக்கடி பார்க்கிற விஷயங்கள், திருகின் பாதையோ சில மி.மீ. அகலம்தான். அங்கே ஆஞ்சியோ இல்லாமல் நான் போவதில்லை.

படத்தை முந்தைய நாள் மாலை அல்ல, தேதி கொடுக்கும் நாளிலேயே அறுவை மருத்துவர் தமனிக்காக ஒருமுறை தனியாகப் படிக்க வேண்டும் என்பதும் முடிவானது. பக்கத்தை எழுதும் கட்டத்தில் “ஏன் இந்தப் பக்கம்” என்று ஒரு வரி எழுதாமல் தேதி கிடையாது. முதல் பதிலாக “சிரை” என்று சொன்னவன் நான் என்பதால், கூட்டத்தில் இளையவர் ஒருவர் சந்தேகம் எழுப்பினால் அதே இடத்தில் படத்தைத் திறந்து பார்க்காமல் அடுத்ததற்குப் போவதில்லை என்பதை நானே எழுதிச் சேர்த்தேன்.

ஒன்றை மட்டும் தாமதமாகச் செய்தோம். மாறுபாட்டை நோயாளியிடம் வாயால் சொல்லியிருந்தோம், வெளியேறும் சுருக்கத்தில் எழுத மறந்துவிட்டோம். ஆறாவது வாரம் அவர் வந்தபோதுதான் தெரிந்தது. கழுத்துச் சிரையில் ஊசி போடுபவருக்கும், பெருந்தமனி வளைவில் ஸ்டென்ட் வைப்பவருக்கும், மறுபடி கழுத்தைத் திறப்பவருக்கும் இது தெரிய வேண்டும். அன்றே ஓர் அட்டை எழுதிக் கொடுத்தோம். அதில் இருப்பது இவ்வளவுதான்: “இடது வெர்டிப்ரல் தமனி பெருந்தமனி வளைவிலிருந்து கிளம்புகிறது. சி4 துளையில் நுழைகிறது. சி5, சி6 மட்டங்களில் எலும்புக்கு வெளியே, லாங்கஸ் கோலை தசையின் மேல் உள்ளது. வலது சப்க்ளேவியன் இயல்பு. சி5 முதல் சி7 வரை முன்பக்க இணைப்பு, வலதுபக்க வழியாக.”